சூறாவளியின் ரசிகர்கள்

உலக இசை வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிய அறிவிப்பு இது: 2007ஆம் ஆண்டு, தேனி கடைவீதியில், பருப்புக் கடை வைகுண்டராஜின் மகன் முத்துராஜா, 'எம்.சி. சூறாவளி' என்ற பெயரில் ராப் பாட்டு சிடி வெளியிட்டான்.

சலூனில் கொடுத்தான். "கத்தி நடுங்குது தம்பி" என்று திருப்பித் தந்தார்கள். மினி பஸ்ஸில் போட்டார்கள். சனம் இறங்கி நடந்தது.

"ஏலே, சனிக்கிழமைக்குள்ள உன் பாட்ட ரெண்டாந்தடவ கேக்குற ஒரு ஆளக் காட்டு. இல்லாட்டி திங்கக்கிழம கடையில வந்து உக்காரு" என்றார் அப்பா.

சூறாவளிக்குச் சோறு இறங்கவில்லை. வேதக்கோயிலில் முழங்காலிட்டு, கர்த்தரிடம் ஒரே ஒரு ரசிகரைக் கேட்டு அழுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கெங்குவார்பட்டி விவசாயி வீரபாண்டி கடைக்கு வந்தார். போன வாரம் சிடி வாங்கிப் போனவர்.

"தோட்டத்துல ஸ்பீக்கர் கட்டிப் போட்டேன் தம்பி. இப்ப குடும்பங்குடும்பமாக் கூட்டம். பாட்டு முடியிற மட்டும் நகர மாட்டேங்குது."

சூறாவளி கண்ணீரோடு அப்பாவைப் பார்த்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நெசமாவா சொல்றீக?"

"நெசந்தான் அண்ணாச்சி. காட்டுப்பன்னிய வெரட்டத்தான் வாங்கிட்டுப் போனேன். கடலைய மேஞ்சுக்கிட்டே நின்னு கேக்குதுக. பன்னிக்குப் பிடிக்காத பாட்டு வேற ஏதாச்சும் இருக்கா?"

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆளக் காட்டுன்னுதாம்லே சொன்னேன்."

திங்கட்கிழமை காலை, சூறாவளி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான்.