பாடு நாளில் பரீட்சை

“மாத்த முடியாது. வேற பேச்சு இருந்தா பேசுங்க.”

கூட்டத்தில் ரங்கன் அடித்துச் சொல்லிவிட்டார்.

ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று பிரித்துவிடும் கூட்டம் அது. கோட்டைக்குப்பத்தில் அதற்குப் பாடு என்று பேர். பாடு விழுந்த அன்று பேருக்குரியவன் தானே தோணி ஏற வேண்டும். வராவிட்டால் அந்தச் சுற்று போனது போனதுதான்.

சாமுண்டீஸ்வரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலைவராக உட்கார்ந்திருக்கும் ரங்கன் வேற்று ஆளா என்ன? செத்துப்போன புருஷனோடு கூடப் பிறந்த தம்பி. தோணி இன்ஜின் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் வந்த சண்டையில் பேச்சு நின்றது. அண்ணன் செத்த அன்று பாடை தூக்க வந்தவர், அதற்குப் பிறகு வாசல் மிதிக்கவில்லை.

“ஒரே ஒரு வாட்டிப்பா. எம் புள்ள தனசேகருக்குப் பாடு விழுந்த அன்னிக்கே பரீட்சை. அவன் முறையை வேற யாராச்சும் எடுத்துக்கினு, அவங்க முறையை இவனுக்குக் குடுக்கட்டும்.”

“இன்னா பரீட்சை? கம்பெனில ஐஸ் கொட்றவனுக்கு இன்னா பரீட்சைன்னு கேக்கறேன்.”

நாலு பேர் சிரித்தார்கள்.

“டிகிரிப்பா. மெட்ராஸ் காலேஜும் நம்ம எறா கம்பெனியும் சேர்ந்து போட்டிருக்காங்க. வேலையை வுடாமயே படிக்கலாம். செய்யற வேலைக்கும் மார்க்கு உண்டு. காலேஜ் மேடம் நேர்ல வந்து இவன் வேலை செய்யறதைப் பாத்துக் கேள்வி கேப்பாங்க. அன்னிக்கு வுட்டா அடுத்த வருஷம்தான்.”

“அப்ப அடுத்த வருஷம் செய்யட்டும். இன்னிக்குக் காலேஜுன்னு மாத்துனா, நாளைக்கு மாமியா வூட்டு விருந்துன்னு ஒருத்தன் வந்து நிப்பான். கடைசில கேக்க நாதியில்லாதவன் முறைதான் காணாம பூடும். ஏரி எல்லாருக்கும் ஒண்ணுதான். போங்க.”

ஒரு ‘அண்ணி’ கூட அவர் வாயில் வரவில்லை.

வீட்டில் தனசேகர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டான்.

“கம்பெனில இன்னொரு தபா கேட்டுப் பாரேண்டா.”

“கேட்டேம்மா. தேதி போடறது காலேஜுன்றாங்க. காலேஜுக்குப் போன் போட்டா கம்பெனியக் கேளுன்றாங்க. ரெண்டு பேரும் சேந்து நடத்தற படிப்பில்ல, அதான் ரெண்டு பேரும் சேந்து கை விரிக்கிறாங்க.”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“வுடும்மா. வெள்ளை எறா வர்ற நேரம். பாட்டை வுட்டா வூட்ல அடுப்பு எரியாது. படிப்பு எங்க ஓடிடப் போவுது?”

எங்கே ஓடும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஒரு கல்யாணம் வரும், வலை கிழியும், தோணி ஒழுகும். ஒரு தடவை விட்ட பிள்ளைகள் திரும்பப் புத்தகத்தைத் தொட்டதை அவள் பார்த்ததில்லை.

விளக்கேற்றி அம்மன் முன்னால் நின்றாள். ‘தாயே, அந்த ஆளுக்கு நல்ல புத்தி குடு’ என்று வேண்டியவள், அதுகூடச் சாபம் போல் இருக்கிறதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாடு நாளும் வந்தது. விடிவதற்குள் மகன் தோணி ஏறிவிட்டான். வெயில் ஏறும் நேரம் அவள் கூடையோடு கரையில் காத்திருந்தபோது கம்பெனி வேன் வந்து நின்றது. மேனேஜரும், செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மாளும் இறங்கினார்கள்.

“நான் சுராயா, காலேஜ்லேர்ந்து வர்றேன். தனசேகர் எங்க?”

சாமுண்டீஸ்வரி கூடையைக் கீழே வைத்தாள். “ஏரிக்குப் போயிருக்கான் மேடம். நான் அவன் அம்மா. வேணும்னு வராம இல்ல, கோச்சுக்காதீங்க…”

“எதுக்குங்க கோபம்? பரீட்சையே அங்கதான். நேத்துதான் முடிவாச்சு. ஒரு தோணி கிடைக்குமா?”

தோணி புள்ளியாகும்வரை அவள் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

திரும்பி வந்தபோது சுராயா மேடத்தின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்னால் வந்த தோணியில் தனசேகர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லாப் பண்ணிட்டாரும்மா. வலையிலேர்ந்து எடுத்ததும் எறாவை எப்படி ஐஸ்ல வெக்கறாருன்னு கண்ணாலயே பாத்தோம். கம்பெனிக்குள்ள உக்காந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. இனிமே பாடு எப்பன்னு கேட்டுக்கிட்டுத்தான் தேதி போடப் போறோம். கம்பெனியும் ஒத்துக்கிச்சு.”

“நல்லா இருப்பீங்க மேடம். பாடு சமாச்சாரம் உங்களுக்கு யாரு சொன்னா?”

“ஒருத்தர் மெட்ராஸுக்கே வந்துட்டாரும்மா. கம்பெனிக்காரங்களோட மீட்டிங் நடக்குது, கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து நிக்கறாரு. ‘பாட்டை மாத்த எனக்கு அதிகாரமில்ல, மாத்துனா ஏழைக்குத்தான் அடி. தேதியை மாத்த உங்களுக்கு அதிகாரம் இருக்குதில்ல?’ன்னாரு. போகச் சொன்னாலும் போகல. இந்த வாட்டி தேதிக்குப் பதிலா இடத்தை மாத்தி ஏரிக்கே வர்றோம்னு நாங்க சொல்றவரைக்கும் நின்னாரு.”

சாமுண்டீஸ்வரி மெல்ல எழுந்தாள். “பேரு சொன்னாரா?”

“பேர் சொல்லல. பையனுக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டேன். துண்டால மூஞ்சியைத் தொடச்சிக்கிட்டே, ‘அவன் நைனா இருந்தா அவர் வந்திருப்பாரு, இல்லாததால நான் வந்தேன்’னு சொன்னாரு.”