குரு இல்லாத கராத்தே

தையல்காரருக்குக் குரு என்று யாரும் கிடையாது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கராத்தே கற்றுக்கொண்டார். பழகிப் பார்க்க எதிராளி வேண்டுமே? வீட்டில் மனைவி இருந்தாள்.

தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வந்து நில்லுடி!" என்பார். காலை வீசுவார். அவள் சுருண்டு விழுவாள். சாப்பாட்டில் உப்பு கூடிப்போன நாளில் பயிற்சியும் கூடிப்போகும்.

"அப்பப்பா! இடி மாதிரி இறங்குதுங்க" என்று இடுப்பைப் பிடித்தபடி எழுவாள். தையல்காரருக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் அவளே பேச்சை ஆரம்பித்தாள். "எதிர் கிடங்குல மூட்டை தூக்குறானே, நீங்க கராத்தே கத்துக்கிறதக் கேட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானாம்."

"யாரு, அந்தத் தடியனா?"

"நீங்க ஒரு உதை விட்டா அவன் தாங்குவானா?"

தையல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பினார். கிடங்கு வாசலில் எல்லார் முன்னாலும் அவன் நெஞ்சில் எட்டி உதைத்தார். அவன் அசையவே இல்லை. மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி, மூட்டையைப் போடுவதுபோல் போட்டான்.

இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு வீடு திரும்பினார். இனி கத்தரிக்கோல் பிடிப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவி பக்கத்தில் நின்று சோறு ஊட்டினாள்.

"உப்பே இல்லையேடி!" என்று சீறியவர், கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவள் இடுப்பில் ஓங்கி ஓர் உதை விட்டார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன்டி விழல?"

அடுத்த கவளத்தை அவர் வாயில் திணித்துவிட்டு அவள் சொன்னாள்:

"இனிமே எதுக்குங்க விழணும்?"