காலி வண்டி

என் கணவன் ஹல்வார் ஆரஞ்சை உரித்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினான். ஈஸ்டர் விடுமுறை, எனக்கு ஆறாம் மாதம். குழந்தையை உட்காரவைத்து இழுக்கும் பனிவண்டியை முன்கூட்டியே வாங்கிவிட்டான். பழகிக்கொள்ள வேண்டுமாம். வெறும் வண்டியை இடுப்பில் மாட்டி, சறுக்குக்கட்டைகளில் மலையெல்லாம் சறுக்கிக்கொண்டிருந்தான்.

"காலி வண்டிக்கே இப்படி மூச்சு வாங்குதே. உள்ள ஆள் உக்காந்தா என்ன பண்ணுவ?"

"அப்ப நீ இழு. நான் ஏறி உக்காந்துக்கறேன்."

பின்னால் பார்த்தேன். பனியில் வண்டித்தடம் நகத்தால் கீறியதுபோல மெல்லியதாக இருந்தது.

உறைந்த ஏரியின் கரையில் வண்டியைக் கழற்றி என்னிடம் விட்டான். பனிக்கட்டி தாங்குமா என்று பார்க்கத் தனியாகப் போனான். தாங்கவில்லை. மறுநாள்தான் அவன் உடலை எடுத்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில், எங்கள் மகள் சிக்னேயை உட்காரவைப்பதற்கு முன், வெறும் வண்டியை நான் இழுத்துப் பார்த்தேன். சுலபமாக வந்தது. திரும்பினால், தடம் கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. பிறகு சிக்னேயை ஏற்றினேன். ஆழம் கூடவில்லை.

நாங்கள் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏழு வயது சிக்னே இப்போது தன் சறுக்குக்கட்டைகளில் எனக்கு முன்னால் பறக்கிறாள்.

"நான்தான் வளந்துட்டேனே! காலி வண்டிய எதுக்கும்மா இழுத்துட்டு வர்ற?"

"கனமாவா இருக்கு? வரட்டும் விடு."

உண்மையிலேயே கனமில்லை. ஏரிக்கரையில் நின்று ஆரஞ்சை உரித்தபடி திரும்பிப் பார்த்தேன். தடம் இன்றும் கணுக்கால் ஆழம்தான்.