ஜன்னல் எலி

"வாடா புளுகுணி! இன்னைக்குத்தான் உனக்குத் தீர்ப்பு" என்று வாசலிலேயே வரவேற்றார் என் நாத்தனார்.

வந்தவர் அவருடைய கடைசித் தம்பி, என் கொழுந்தன். அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஐம்பது வயது மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் கிடைக்கிற மரியாதை இது.

இவர்கள் சின்னவர்களாக இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை டி.வி.யில் ஒரு கார்ட்டூன் படம் போடுவார்களாம். தபால்காரக் கரடி ஒன்று வீடு வீடாகப் போகும். கடைசியில் அது ஊரைவிட்டுக் கிளம்பும்போது, மாவு மில்லின் மாடி ஜன்னலிலிருந்து ஒரு எலி கையாட்டியது என்று சொல்லியிருக்கிறார் கடைக்குட்டி.

டி.வி.யோ சாப்பாட்டுத் தட்டு அளவு. அதிலும் பாதி நேரம் புள்ளி மழை. வேறு யார் கண்ணுக்கும் எலி தெரியவில்லை. "பொய்யா சொல்றே?" என்று முட்டி போட வைத்தார் அக்கா. பையன் அழுதானே தவிர, எலியை விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றைக்கு ஒட்டிய பேர்தான் புளுகுணி. பிற்பாடு வேலை போய், "கம்பெனியையே மூடிட்டாங்க" என்று சொன்னபோதும் நம்பவில்லை. காய்ச்சல் என்றால், தெர்மாமீட்டரைக் காட்டச் சொன்னார்கள்.

இப்போது அந்தப் படத்தைத் தூசு தட்டி, ஹை டெஃபனிஷன் ப்ளூ-ரேயாக விட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாங்கி வந்துவிட்டார், அரைச் சுவரை அடைக்கிற டி.வி.யோடு சேர்த்து. சமையலறைக் குழாய் ஒழுகுவதற்கு ஆள் கூப்பிட மட்டும் அவருக்கு நேரம் கிடைக்காது.

கொழுந்தன் கறுப்புக் கண்ணாடியோடு சோபா ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணில் புரை விழுந்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"அன்னைக்கு டி.வி.க்குள்ளயே மூக்கை விட்டுட்டு உட்கார்ந்தே இல்ல? அனுபவி" என்றார் நாத்தனார். "உனக்கு எங்க தெரியப் போகுது? நாங்க பார்த்துச் சொல்றோம்."

தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையைத் தன் பேரில் பட்டா போட்டு வைத்திருப்பவர்.

"அக்கா, ஒரே ஒரு விஷயம். எலி இருந்தா, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பொண்ணு ரொம்ப சங்கடப்படறா."

"இருந்தா, உன் கையைப் பிடிச்சு மன்னிப்பே கேக்கறேன். போதுமா?"

படம் ஆரம்பித்தது.

"பாரு பாரு, கரடியோட ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது!" என்று குதித்தார் என் வீட்டுக்காரர்.

கரடி முடி மட்டுமா? வரைந்தவருடைய பிரஷ் முடி ஒன்று வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கரடி எவ்வளவு தூரம் நடந்தாலும் அதே மூன்று மரங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஞாபகத்தில் தங்கமாக இருந்தது, வெளிச்சம் போட்டதும் பித்தளை. இதற்கு நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டது வேறு.

கடைசிக் காட்சி. மாவு மில். மாடி ஜன்னல். என் வீட்டுக்காரர் படத்தை நிறுத்தினார்.

எலி!

சந்தேகமே இல்லை. மீசை, காது, தூக்கிய கை, எல்லாம் பளிச்சென்று.

நாத்தனார் எலியைப் பார்த்தார். தம்பியின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

"வெறும் ஜன்னல்தான்டா" என்றார்.

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார்.

"ஆ... ஆமாம்டா. காலி ஜன்னல்."

ரிமோட்டை அழுத்தினார். எலி போயே போயிற்று.

வாயை மூடிக்கொண்டிருப்பதும் பொய்தான் என்று கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காபி போடப் போய்விட்டேன்.

"அப்படியாக்கா? சரி" என்று கொழுந்தன் சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

"இனிமேலாவது ஒத்துக்கோடா புளுகுணி!" நாத்தனார் குரலில் தேன் ஒழுகியது. "இந்தா, பிஸ்கெட் சாப்பிடு."

கடைசியில் கிடைத்த நியாயம் அதுதான். ஒரு பிஸ்கெட்.

அவர் கிளம்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே போனேன்.

"தம்பி, நில்லுங்க. ஜன்னல்ல எலி இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"மெதுவா அண்ணி, அக்காவுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே! நாளைக்குச் சம்பந்தி முன்னாடியும் உங்களை அப்படித்தானே கூப்பிடுவாங்க?"

"கூப்பிடட்டும். அந்தப் பேரு எனக்குப் பழகிடுச்சு. இந்த வயசுல அக்காவுக்குப் பழகாது."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆபரேஷன் போன மாசமே முடிஞ்சுது அண்ணி. கண்ணு எப்படி இருக்குன்னு யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்புறம், எலி ஒண்ணு இல்ல அண்ணி, ரெண்டு. பின்னால ஒரு குட்டி எட்டிப் பார்த்துட்டு இருந்துச்சு. சின்ன வயசுல அது எனக்கே தெரியலை!"