திருப்பி எடுக்காத ஹெல்மெட்

“அண்ணா, நீங்கள் எத்தினை தரம் எடுத்தாலும் இதுதான் பதில். நான் திருப்பி எடுக்கமாட்டன்.”

சுதாஜினி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கதிரையில் வைத்துவிட்டு, மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது அழைப்பு. அழைப்பது பூவரசங்குளத்துப் பிரசாந்தன்.

“என்ன தங்கச்சி, உங்கட பேஜில பெரிசாப் போட்டிருக்கிறியள், ஏழு நாளுக்குள்ள திருப்பித் தரலாம் எண்டு. என்ர மனிசி அனோஜா ஹெல்மெட் வாங்கி இண்டைக்கு ரெண்டாம் நாள்தானே?”

“ஓம், போட்டிருக்கிறன்.”

“பிறகென்ன? சாமான் சின்னன். தலையை இறுக்குது.”

“ஆர் போட்டுப் பார்த்தது?”

“நான்தான்.”

“அது பொம்பிளையளின்ர ஹெல்மெட் அண்ணா. பூவும் போட்டிருக்கு. உங்கட தலைக்கு எப்பிடி அளவா இருக்கும்?”

பிரசாந்தன் காரணத்தை மாற்றினான்.

“நிறமும் சரியில்லை.”

“படத்திலயும் ஊதா, பெட்டிக்குள்ளயும் ஊதா.”

“சரி, காரணமே வேண்டாம்! எங்களுக்கு அது தேவையில்லை. காசைத் திருப்பிப் போடுங்கோ. இல்லாட்டி உங்கட பேரை ஊர் முழுக்க நாறடிப்பன்.”

“உங்கட விருப்பம் அண்ணா.”

அழைப்பு அறுந்தது. சுதாஜினி ஒன்றுமே நடக்காதது போல, “ஆ… அடுத்த வாய்” என்று மகளிடம் கையை நீட்டினாள்.

விறாந்தையில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த கணவன் ரஜிதன், ஒட்டுநாடாவும் கையுமாக உள்ளே வந்தான். புளியங்குளத்தில் இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் இருவரும், ஸ்கூட்டி ஓடும் பெண்களுக்கு ஹெல்மெட், மழைக்கோட்டு, கையுறை எல்லாம் முகநூலில் விற்கிறார்கள். தொடங்கி ஒன்றரை வருசம். இதுவரைக்கும் ஒரு கெட்ட பேர் இல்லை.

“உமக்கென்ன விசரே?” என்றான். “போன கிழமை ஒருத்தி சேறு பூசின மழைக்கோட்டைக் கொண்டுவந்தா. சிரிச்சுக்கொண்டு திருப்பி எடுத்தனீர். இது பெட்டி கூடக் கசங்காத சாமான்.”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“அந்த மழைக்கோட்டு ஒழுகினது.”

“அந்தாள் சொல்லுறதில என்ன பிழை? வாக்குக் குடுத்தது நாங்கள்.”

“பிழை இல்லைத்தான். ஆனால் எடுக்கமாட்டன்.”

மத்தியானத்துக்குள் பிரசாந்தன் சொன்னதைச் செய்துவிட்டான். ‘வன்னியில் வாங்குவோம் விற்போம்’ என்ற முகநூல் குழுவில் சுதாஜினியின் பேஜ் பெயரோடு நீளமாக எழுதியிருந்தான். ‘ஏமாற்றுக்காரி. ஏழு நாள் என்று பொய் சொல்லி விற்கிறாள். உறவுகளே, கவனம்!’

கீழே ஆளாளுக்குப் பிய்த்தெடுத்தார்கள். ‘இவையளுக்கு இதுதான் தொழில்.’ ‘நானும் வாங்க இருந்தனான், கடவுள் காப்பாத்தினார்.’

“இதுக்காவது ஏதாவது எழுதும்” என்றான் ரஜிதன்.

அவள் எழுதினாள். ‘ஓம், திருப்பி எடுக்கேல்லை. எடுக்கவும் மாட்டன்.’

“ஐயோ! இப்பிடியே எழுதுறது?”

“உண்மையைத்தானே எழுதினனான்.”

மூன்று மணிக்கு முல்லைத்தீவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு மாதர் சங்கம் பத்து ஹெல்மெட் கேட்டிருந்தது. சுதாஜினிக்கும் ரஜிதனுக்கும் இவ்வளவு பெரிய ஓடர் வந்தது இதுதான் முதல் தடவை. தலைவி இரஞ்சிதம் பக்குவமாகத்தான் பேசினார்.

“பிள்ளை, குறை நினையாதேயும். முகநூலில பார்த்தம். எங்கட ஆக்கள் கொஞ்சம் யோசிக்கினம். ஒண்டு ரெண்டு அளவில்லாமல் போனால், நீர் திருப்பி எடுப்பீரே?”

“கட்டாயம் எடுப்பன் அம்மா.”

“அப்ப அந்தத் தம்பியின்ரயை ஏன் எடுக்கேல்லை?”



“அதை மட்டும் என்னால சொல்ல ஏலாது அம்மா.”

“அப்ப நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்” என்று இரஞ்சிதம் வைத்துவிட்டார்.

ரஜிதனுக்குப் பொறுமை போய்விட்டது.

“பத்து ஹெல்மெட்! ஒண்டுக்காகப் பத்தை விடுறீர். இது பிடிவாதம் இல்லை, திமிர். கொண்டாரும் போனை, அந்தப் பிரசாந்தனுக்கு நானே சொல்லுறன், நாளைக்கே கொண்டுவந்து தரட்டும் எண்டு.”

அவன் கைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தப் போக, சுதாஜினி பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். எப்போதும் விளையாட்டாகப் பேசும் அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

“எடுக்காதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான். நீங்கள் கெடுத்துப்போடுவியள் எண்டதாலதான் காட்டுறன். வாசிச்சுப்போட்டு மறந்திடோணும்.”

நேற்று வந்திருந்த ஒரு செய்தியைத் திறந்து நீட்டினாள். அனுப்பியது பிரசாந்தனின் மனைவி அனோஜா.

‘அக்கா, பார்சல் கிடைச்சுது. எனக்குப் பக்கத்து ஊர் முன்பள்ளியில ரீச்சர் வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரோணும். அங்க போக பஸ் இல்லை. என்ர அண்ணா தந்த ஸ்கூட்டி நிக்குது, லைசன்சும் எடுத்திட்டன். இவர்தான், பொம்பிளை என்னத்துக்கு ஸ்கூட்டி ஓடுறது எண்டு மறிச்சுக்கொண்டு நிக்கிறார். ஹெல்மெட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லி உங்களோட சண்டை பிடிப்பார். என்ன பேசினாலும் எடுத்துப்போடாதேங்கோ அக்கா. நான் சொன்னது அவருக்குத் தெரியவும் வேண்டாம். காசு குடுத்து வாங்கின சாமான் வீட்டில சும்மா கிடந்தால் அந்த மனுசனுக்கு நித்திரை வராது. ரெண்டு நாள் கழிய, தானே என்னை ஓடச் சொல்லுவார்.’