மூன்றாவது தூண்

அவர் தூணில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டார்.

உள்ளே வண்டு வேலையில் இருந்தது.

கிர்ர்.

கொஞ்சம் ஓய்வு. மறுபடி கிர்ர்.

பின்வாசல் தாழ்வாரத்தின் மூன்றாவது தூண். அயினி மரம். கருவண்டு சுட்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை போட்டு, உள்ளே போய்க் குடைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே மூன்று துளைகள் முடித்தாயிற்று. இது நான்காவது. தரையில் மரத்தூள் உதிர்ந்து கிடந்தது.

வீட்டுக்கு அது நாசம். அவருக்குக் கச்சேரி.

மூன்று வருஷமாக அவர் காதில் எதுவும் விழுவதில்லை. முதலில் சீழ் வந்தது. அப்புறம் இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை. மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். போன இரைச்சல் திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. கழற்றி பீரோவுக்குள் போட்டுவிட்டார்.

பஸ் ஹாரன் போனதில் அவருக்கு வருத்தமில்லை. கோயில் ஒலிபெருக்கி போனதில் நிம்மதி என்றே சொல்ல வேண்டும்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சத்தம்.

மனைவியின் குரல்.

கொஞ்சம் கம்மிய குரல். பேச்சு முடியும் இடத்தில் மெல்ல இறங்கும். அதை நினைவில் கொண்டுவரப் பார்ப்பார். உதடு வரும். குரல் வராது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு அவள் போனில் பேசும்போது, எதிரே உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மகள்மேல் பொறாமையாக இருக்கும். பெற்ற மகள்மேல்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. கூப்பிட 'கேட்டேளா' போதுமாக இருந்தது. காது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டபோதுகூட ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். காது போனபின் அந்த 'கேட்டேளா'வும் போயிற்று. தோளைத் தொடுவாள். சாப்பாட்டுக்கு ஒரு சைகை, குளிக்க ஒரு சைகை. குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

போன மாசம் ஒரு மதியம், உண்ட அசதியில் இந்தத் தூணில் தலை சாய்த்தார். மண்டைக்குள் கிர்ர் என்றது. பதறி எழுந்தார். நின்றுவிட்டது. மறுபடி சாய்ந்தார்.

வந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். ஆனால் தினமும் மதியம் இங்கே வந்துவிடுவார்.

ஆசாரி வந்து தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். துளைகளை அடைத்து பெயிண்ட் அடிக்காவிட்டால் அடுத்த மழைக்கு ஓடு தலையில் இறங்குமாம். அவள் அதை முழுக்கக் கையாலேயே விளக்கினாள், கூரை விழுவது உட்பட.

நாளைக்கு அடைக்கலாம் என்றார். துளை அடைக்கும் பட்டி வாங்கி வந்த பிறகும் நாளைக்கு என்றார். இன்று செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றார். பட்டியில் தண்ணீர் கூடிவிட்டது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

தோளில் கை விழுந்தது. அவள்தான். குளிக்கும் சைகை.

அவர் மனசில்லாமல் எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது தாழ்வாரமெங்கும் வேப்பெண்ணெய் வாசம். நான்கு துளைகளிலும் வெள்ளைப் பட்டி. வண்டு வெளியே போன நேரம் பார்த்து அடைத்திருக்கிறாள். அது திரும்பி வந்து, தன் வாசலைத் தேடித் தூணைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள், ஒரு காரியத்தை முடித்த முகத்தோடு.

அவர் நெற்றியை வைத்தார்.

கன்னத்தை வைத்தார். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை வைத்தார்.

மரம் வெறும் மரமாக இருந்தது.

கண் நிறைந்துவிட்டது. இந்த வயதில், ஒரு வண்டுக்காக.

அவள் பதறிப்போய், என்ன என்று கையை விரித்தாள்.

"எனக்கு இதுல மட்டுந்தான் கேட்டுது" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். கையிலிருந்த பட்டித் தகட்டைக் கீழே வைத்தாள். அவர் தலையைப் பிடித்து, நெற்றியை மறுபடி மரத்தோடு சேர்த்து வைத்தாள். பிறகு தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். சேலை ஓரம் மட்டும் தெரிந்தது.

வண்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டது. போகட்டும்.

மரம் லேசாக அதிர்ந்தது.

"கேட்டேளா."

கம்மிய குரல். கடைசியில் மெல்ல இறங்கியது. எங்கோ தூரத்திலிருந்து வந்தாலும் அதேதான்.

அசைந்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது. நெற்றியை வைத்தபடி அப்படியே நின்றார்.

பதில் இல்லாததால், கேட்கவில்லை என்றே அவள் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு வந்தது. மரத்துக்கு மட்டும் சொல்வதுபோல, மிக மெதுவாக.

"தாணுமாலயன்."

அவள் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள். மூக்கு நுனியில் பட்டி ஒட்டியிருந்தது. முகம் புதுப்பெண்போலச் சிவந்திருந்தது. கேட்டதா என்று புருவத்தை உயர்த்தினாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை.

இல்லை என்று தலையாட்டினார்.

அவள் பக்கத்து வீட்டு மதிலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மறுபடி தூணுக்குப் பின்னால் போனாள்.

அவர் நெற்றியை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.