பூநாரைகளின் சம்மதம்

பங்குனியில் கோடியக்கரைக்குப் போக, பூநாரைகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. போக விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தே திரையின் முன்னால் பேச வேண்டும். அந்தக் குரல் சதுப்பில் ஒலிக்கும். பறவைகள் கலைந்து பறந்தால் அனுமதி கிடையாது.

வீட்டில் மற்றவர்களின் குரலுக்கு அசையாத அவை, குணசீலனின் குரலுக்கு இரண்டு முறை பறந்துவிட்டன. அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டுக்குக் கேட்கும். இன்று கடைசி வாய்ப்பு. பூநாரையைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவந்த அவர் மனைவி வேதவல்லி, பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

திரையில் இளஞ்சிவப்புக் கூட்டம் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. குணசீலன் மெல்லிய குரலில் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது மகள் இசைவாணி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒருத்தர விரும்புறேன். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

குணசீலனின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். திரையில் ஒரு பூநாரை தலையை நிமிர்த்திப் பார்த்தது. வேதவல்லி கைகூப்பினாள்.

அவர் கத்த வந்ததை விழுங்கினார்.

"இதச் சொல்ல ஒனக்கு வேற நேரமே கெடைக்கலையாம்மா?" என்றார் காற்றைப் போல.

"வேற நேரத்துல சொன்னா நீங்க இப்படிக் கேப்பீங்களாப்பா?"

பூநாரை மறுபடி தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

வேதவல்லி தயங்கியபடி, "மூணு டிக்கெட் போடவா?" என்றாள்.

குணசீலன் மகளைப் பார்த்தார்.

"அந்தப் பையனையும் இதுல பேசச் சொல்லு. பறவைங்க பறக்கலேன்னா நாலாப் போடு."